காது வைத்த பலகை

மாஸ்டர் பெயருக்கு வந்த கடிதத்தை மாஸ்டரின் தம்பிதான் பிரித்தான். மாஸ்டர் போய்ச் சேர்ந்து அப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

"போனவங்களுக்கும் கடிதாசு போடறாங்க பாருங்க அண்ணி. நம்ம சொந்தக்காரங்களைவிடப் பாசமான ஆபீசு."

தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணி தலை நிமிரவில்லை. ஒரு பாய்மரப் பாயின் கிழிந்த ஓரத்தை மடித்துவிட்டு நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?"

"காதுக்குப் பரிசோதனையாம். வர்ற வியாழக்கிழமை காலைல."

நூல் பல்லிலேயே நின்றுவிட்டது.

குடாவின் கரையில் அவர்கள் நடத்தியது பாய்ப்பலகைப் பள்ளி. ஓர் ஆள் உயரத்தைவிட நீளமான பலகை, நடுவில் ஒரு பாய்மரம், மரத்தில் ஒரு பாய். அதன்மேல் நின்று, தண்ணீரில் கிடக்கும் பாயைக் கயிற்றால் இழுத்துத் தூக்கி, கையில் பிடித்துக்கொண்டு காற்றோடு போக வேண்டும். சொல்வதற்கு ஒரு வரிதான். ஏறி நிற்கிறவருக்கோ பலகை எண்ணெய் தடவிய உருளைபோல இடமும் வலமும் புரளும். வந்தவர்களில் பாதிப் பேர் முதல் நாளோடு சரி. செருப்பைக் கரையில் மறந்துவிட்டுப் போனவர்கள்கூட அதைக் கேட்டுத் திரும்பி வந்ததில்லை.

அவர்களுக்காகத்தான் மாஸ்டர் காது செய்தார். பலகைக்குக் குறுக்கே ஓர் அலுமினியக் குழாய். குழாயின் இரண்டு முனையிலும் நுரையில் செய்த மிதவை. குழாயைப் பலகையோடு இறுக்க இரண்டு பட்டை, நான்கு திருகு. பலகை இந்தப் பக்கம் சாய்ந்தால் இந்தக் காது தாங்கும், அந்தப் பக்கம் சாய்ந்தால் அந்தக் காது. கரையிலிருந்து பார்த்தால் பலகை காதை விரித்துக்கொண்டு யார் பேச்சையோ ஒட்டுக்கேட்பதுபோல இருக்கும். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

மிதவைகளுக்கு உறை தைத்தது மாஸ்டரின் மனைவி. பள்ளியின் பாய்களை வெட்டுவதும் தைப்பதும் ஒட்டுப்போடுவதும் அவள் வேலை. படிக்க வருகிறவர்களுக்கு அவள் ஊசியக்கா. இருபத்திரண்டு வருடமாகப் பாய் தைத்தும் ஊசியக்கா ஒரு தடவைகூடப் பலகையில் கால் வைத்ததில்லை. "உப்புக் கையோட துணியைத் தொட்டா கறை படியும். வீட்டுல ஒருத்தராவது காஞ்சு இருக்க வேணாமா?" என்று கல்யாணமான வருடம் ஒரு சாக்குச் சொன்னாள். சாக்கு நாளடைவில் சட்டமாகிவிட்டது.

உண்மையைச் சொன்னால், முதல் ஜோடிக் காதை மாஸ்டர் செய்தது அவளுக்காகத்தான். "இனிமே என்ன சாக்கு சொல்றேன்னு பாக்கறேன்" என்று கொண்டுவந்து தையல் மேசைமேல் வைத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நுரை வெயில்ல உதிர்ந்துடும். உறை வேணும்" என்றாள். உறை தைத்து முடிப்பதற்குள் புதிதாகச் சேர்ந்த நான்கு பேர் காதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெண்டாட்டிக்குச் செய்தது பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

அதெல்லாம் சரி. ஆனால் அந்தக் காதைப் பற்றி அவள் மனதில் ஒரு முள் இருந்தது. பதினொரு வருடமாக இருந்த முள். யாரிடமும் சொன்னதில்லை.

காலை ஏழு மணிக்கு முதல் பாடம். தையலறை ஜன்னல் வழியாகக் கரையும் ஒரு கீற்றுத் தண்ணீரும் தெரியும், அதற்கு அப்பால் படகுக் கொட்டகையின் சுவர் மறைத்துவிடும். குரலை மட்டும் எந்தச் சுவரும் மறைக்கவில்லை. மாஸ்டர் ரப்பர் படகில் பக்கத்திலேயே துடுப்புப் போட்டபடி சொல்வதெல்லாம் அவளுக்குக் கேட்கும். அவர் ரகசியம் பேசினாலே நாலு வீட்டுக்குத் தெரியும் என்பார்கள்.

"கீழ பாக்காதீங்க. தண்ணி எங்கயும் ஓடிப் போயிடாது."

"முட்டியை மடக்குங்க. நாற்காலி வர்றதுக்கு முன்னாடியே உக்காரப் போற மாதிரி."

"கயித்தை முதுகால இழுக்காதீங்க, காலால இழுங்க."

"பாயை மெதுவாக் கிட்ட கொண்டு வாங்க. கோவிச்சுக்கிட்டா விட்டுடுங்க. மறுபடி கூப்பிட்டா வரும்."

குரல் போகப் போகத் தேயும். தண்ணீரில் நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்த ஆரஞ்சுப் பீப்பாய்வரை கேட்கும். அதைத் தாண்டினால் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். அவளும் இயந்திரத்தை மிதிக்க ஆரம்பித்துவிடுவாள். கரைக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் ஏழு மணிப் பாடத்தின்போது அந்தப் பக்கம் தலை காட்டினால், "வா வா, ஒரு பலகை சும்மாதான் கிடக்கு" என்று இருபது பேர் முன்னால் இழுத்துவிடுவார் மனுஷர். எதற்கு வம்பு?

முக்கால் மணி நேரம் கழித்து மாணவர்கள் ஜன்னலைக் கடந்து குளியலறைக்குப் போவார்கள். அங்கேதான் முள். போகிற அத்தனை பேரும் சொட்டச் சொட்ட நனைந்திருப்பார்கள். ஒருவர் பாக்கியில்லை. உச்சந்தலையிலிருந்து ஒழுகும். சிரித்துக்கொண்டுதான் போவார்கள், ஆனால் அவமானத்தை மறைக்கச் சிரிக்கிறவர்கள் உலகத்தில் இல்லையா?

காது தாங்கினால் எதற்கு விழுகிறார்கள்? தாங்கவில்லை. அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "இந்த வருஷம் காதைக் கொஞ்சம் பெரிசாக்குங்களேன்" என்று மட்டும் சொல்வாள். அவர் சிரிப்பார். பெரிதாக்குவார். அவளும் உறையைப் பெரிதாகத் தைப்பாள். வெள்ளரிக்காய் அளவில் ஆரம்பித்த காது பதினொரு வருடத்தில் பெரிய சுரைக்காய் அளவுக்கு வளர்ந்தது. மாணவர்கள் மட்டும் நனைந்துகொண்டேதான் வந்தார்கள்.

இப்போது பரிசோதனை என்றால்?

"படி, கேக்கறேன்" என்றாள்.

தம்பி படித்தான். பயிற்சிப் பலகைகளில் எந்த இணைப்பை மாட்டுவதாக இருந்தாலும் நீர்ப் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்று புது விதி. மாஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்னால் தன் கையாலேயே விண்ணப்பம் போட்டிருக்கிறார். காது மாட்டிய பலகையில் பீப்பாயைச் சுற்றிப்போய் விழாமல் கரைக்குத் திரும்பிக் காட்ட வேண்டும். காட்டினால் அனுமதி. தவறினால் விண்ணப்பம் தள்ளுபடி. பிறகு அந்தக் கருவி தண்ணீரில் இறங்கவே கூடாது.

"ரெண்டு பக்கம் இருக்கு. முதல் பக்கமே போதும், விஷயம் விளங்கிடுச்சு" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "அண்ணி, முகத்தை ஏன் அப்படி வெச்சிருக்கீங்க? நானே ஓட்டிக் காட்டறேன். கண்ணைக் கட்டிவிட்டாக்கூடப் போய்ட்டு வருவேன்."

அவனைச் சாம்பியன் என்று கூப்பிடுவார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு கோப்பை வாங்கியிருந்தான். கோப்பையின் ஒரு பக்கக் கைப்பிடி எப்போதோ உடைந்துபோய்விட்டது. பெயர் உடையவில்லை.

வியாழக்கிழமை காலை அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். கையில் பிளாஸ்டிக் கோப்பு, கோப்போடு கயிறு கட்டிய பேனா. தன் உயிர்காப்புச் சட்டையைத் தானே வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்தார்.

"இங்க நிறைய இருக்கே சார்" என்றாள் ஊசியக்காவின் மகள். அவளுக்குப் பத்தொன்பது வயது. நடக்கக் கற்றதும் பலகை ஓட்டக் கற்றதும் ஒரே வருடம் என்று மாஸ்டர் பெருமையடிப்பார்.

"இருக்கும்மா. நான் இன்னும் அதையெல்லாம் பரிசோதிக்கலையே" என்றார் அதிகாரி.

பருவம் தொடங்க இன்னும் பத்து நாள் இருந்தது. கரையில் ஈ காக்கை இல்லை. பக்கவாட்டில் இருந்து இளங்காற்று, தண்ணீர் இஸ்திரி போட்ட துணிபோல. ஊசியக்கா தையலறையிலிருந்து கரைக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு படகுக் கொட்டகையின் ஓரமாக நின்றாள். கழுத்தில் அளவுநாடா தொங்கியது. கழற்ற மறந்துவிட்டாள்.

சாம்பியன் காது மாட்டிய பலகையில் ஏறினான். இந்தப் பதினொரு வருடத்தில் அவன் காதுப் பலகையில் ஏறுவது அதுதான் முதல் தடவை. காது, படிக்க வருகிறவர்களுக்கு. சாம்பியன் அதில் ஏறினால் என்ன மரியாதை? ஒரே இழுப்பில் பாயைத் தண்ணீரிலிருந்து தூக்கினான். அதிகாரியைத் திரும்பிப் பார்த்து ஒரு புன்னகை. பிறகு கோப்பை வாங்கின நாளில் சாய்ந்ததுபோல அழகாகப் பின்னால் சாய்ந்தான்.

பயில்பவர்களுக்கான சின்னப் பாய் அது. அவன் கனத்தைத் தாங்கும் காற்று அதில் இல்லை. நெடுஞ்சாண்கிடையாக, வானத்தைப் பார்த்தபடி, தண்ணீரில் விழுந்தான்.

அதிகாரி ஏதோ எழுதினார்.

"பாய் சின்னது சார். அதைக் கவனிக்கல" என்று வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு மறுபடி ஏறினான். இந்தத் தடவை சாயவில்லை. பத்து முழம் போனதும் பலகையைத் திருப்ப, பழக்கதோஷத்தில் ஒரு காலை ஊன்றி அழுத்தினான். அழுத்தினால் பலகை சரிய வேண்டும். காது விடவில்லை. பலகை அசையாமல் நின்றது, அழுத்தியவன் மட்டும் போய்க்கொண்டே இருந்தான். இந்தத் தடவை தலைகீழாக.

அதிகாரி எழுதினார்.

"சித்தப்பா, எறங்குங்க. நான் போறேன்" என்று மகள் ஓடினாள். சித்தப்பாவைவிட நாலு முழம் அதிகமாகப் போனாள். விழுந்ததும் அவனைவிடப் பெரிய சத்தத்தோடு.

ஊசியக்கா கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெளுத்துவிட்டது, எல்லாம் வெளுத்துவிட்டது. பதினொரு வருடமாக மூடி வைத்தது இப்படி ஒரு வெளியாள் முன்னால், அதுவும் பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிற ஆள் முன்னால். மாஸ்டர் மட்டும் இருந்திருந்தால் சிரித்தே சமாளித்திருப்பார். அந்தச் சிரிப்பும் இல்லை இப்போது.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஒரு சந்தேகம். நீங்க ரெண்டு பேரும் எத்தன வருஷமா ஓட்டறீங்க?"

"முப்பது வருஷம்!" சாம்பியன் மூக்கில் தண்ணீர் ஒழுக நெஞ்சை நிமிர்த்தினான். "சாம்பியன் சார் நான்."

"அப்படியா. ரெண்டாம் பக்கத்துல 'இதற்கு முன் பலகையில் நின்றிராத ஒருவர்'னு போட்டிருக்கே. படிக்கலையா?"

சாம்பியன் தன் சட்டைப் பையை நினைத்துக்கொண்டான். சட்டை கரையில், ஆணியில் தொங்கியது.

"அதானே பாத்தேன்!" மகள் கூந்தலைப் பிழிந்துகொண்டே கரையேறினாள். "நாம ரெண்டு பேரும் பலகையைச் சாய்ச்சுச் சாய்ச்சு ஓட்டிப் பழகினவங்க சித்தப்பா. இது சாயவே விடமாட்டேங்குது."

ஊசியக்கா கொட்டகை ஓரத்திலிருந்து இரண்டு அடி முன்னால் வந்தாள். "அப்ப அது தாங்குதா?"

"தாங்கறதாலதாம்மா நாங்க விழறோம்!"

ஊசியக்கா அந்தக் காதுகளைப் பார்த்தாள். அவள் தைத்த உறை, அவள் போட்ட இரட்டைத் தையல். இரண்டும் தண்ணீர்மேல் சாதுவாக மிதந்தன.

"இவங்க ரெண்டு பேரும் கணக்குல வரமாட்டாங்க" என்று அதிகாரி இரண்டு வரிகளை அடித்தார். "முறைப்படி புது ஆள் வேணும். பதினொரு மணிக்கு நான் கிளம்பணும். மறுபடி வர இந்தக் கோப்புல இடமில்ல."

சாம்பியன் கரையை மேலும் கீழும் பார்த்தான். யாருமில்லை. பிறகு அதிகாரியை ஏற இறங்கப் பார்த்தான்.

"நான் பரிசோதிக்கிறவன்" என்றார் அதிகாரி அவசரமாக.

"நான் நின்னதில்ல" என்றாள் ஊசியக்கா.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"அண்ணி, வெளையாடாதீங்க. பாடம் ஒண்ணுகூடக் கத்துக்காம..."

"பதினொரு வருஷம் கேட்டிருக்கேன். தெனம் ஏழு மணிக்கு."

"கேட்டது சரி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?"

"இது ஏட்டுச் சுரைக்காய் இல்லப்பா" என்று அவள் மிதவையைக் காட்டினாள். "நான் உறை தெச்ச சுரைக்காய். உயிர்காப்புச் சட்டை எங்க இருக்கு? எனக்கு அளவானதா எடு."

அளவுநாடாவைக் கழற்றி அதிகாரியின் கையில் கொடுத்தாள். அவரும் ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

பலகையில் ஏறி மண்டியிட்டாள். எழுந்து நின்றாள். பலகை ஒரு பக்கம் சரியப் போய், யாரோ உள்ளங்கை கொடுத்ததுபோல நின்றது. மறுபக்கம் சரியப் போயிற்று, அங்கேயும் ஓர் உள்ளங்கை. அவள் கீழே பார்த்தாள்.

கீழ பாக்காதீங்க. தண்ணி எங்கயும் ஓடிப் போயிடாது.

நிமிர்ந்தாள். முட்டியை மடக்கினாள், வராத நாற்காலியில் உட்காரப் போகிறவள் மாதிரி. கயிற்றைப் பிடித்துக் காலால் இழுத்தாள். பாயிலிருந்து தண்ணீர் வழிந்தது, பாய் மேலே வந்தது, கைக்கு வந்தது.

கைக்கு வந்ததும் அவளுக்கு ஒன்று தெரிந்தது. இது அவள் வெட்டிய பாய். எந்த இடத்தில் வயிறு வைத்து வெட்டினாள், எந்த மடிப்பில் நூலை இறுக்கினாள், எல்லாம் விரல்களுக்குத் தெரியும். காற்று எங்கே உட்காரும் என்று அவள் மேசைமேல் கணக்குப் போட்ட இடத்திலேயே காற்று வந்து உட்கார்ந்தது. காலைப் பற்றிய கவலையைக் காது எடுத்துக்கொண்டது. கைக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம். மெதுவாகக் கிட்டக் கொண்டுவந்தாள். கோபித்துக்கொள்ளவில்லை. பலகை நகர்ந்தது.

"அம்மா போறா!" மகள் கத்தினாள். "சித்தப்பா, அம்மா போறா!"

"நானும் கண்ணாலதான் பாக்கறேன். கத்தாதே, திரும்பிப் பாத்துடப் போறாங்க!"

ஊசியக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலில் இருந்து தெரியும் அந்த ஒரு கீற்றுத் தண்ணீரைத் தாண்டினாள். கொட்டகைச் சுவரைத் தாண்டினாள். இத்தனை வருடம் குரலாக மட்டும் இருந்த இடம் அகலமாக, வெளிச்சமாக விரிந்தது. ஆரஞ்சுப் பீப்பாய் வந்தது. பக்கத்தில் பார்த்தால் அதன் நிறம் பாதி உரிந்திருந்தது. ஒரு பறவை அதன்மேல் உட்கார்ந்து அவளை மரியாதையில்லாமல் பார்த்தது.

பீப்பாயில் திரும்ப வேண்டும்.

எப்படித் திரும்புவது? அவள் நினைவைத் துழாவினாள். பாயைக் கிட்டக் கொண்டுவருவதுவரை வரிசையாக இருந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. இருக்கவும் முடியாது. அதற்கு மேல் அவளுக்குக் கேட்டதே இல்லை. அவர் குரல் பீப்பாய்வரைதான் வரும், அதற்குப் பிறகு தையல் இயந்திரத்தின் சத்தம்தான்.

பீப்பாய் பின்னால் போயிற்று. கையை விட்டால் நின்றுவிடலாம். நின்று என்ன செய்வது, நடுத் தண்ணீரில் பந்தல்கால் மாதிரி? அவள் போய்க்கொண்டே இருந்தாள். எதிர்க்கரைத் துறை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகியது. அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவர் கைகாட்டினார். அவளால் கைகாட்ட முடியவில்லை. தலையை ஆட்டினாள்.

"போகத் தெரிஞ்சவங்களுக்குத் திரும்பத் தெரியல!" சாம்பியன் ரப்பர் படகைத் தண்ணீரில் தள்ளினான். "ஏறு, ஏறு, மோட்டாரைப் போடு! சார், நீங்களும் வாங்க, அப்புறம் பாக்கலைன்னு எழுதிடப் போறீங்க!"

அதிகாரி காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காலுறையோடு படகில் ஏறினார். கழுத்தில் அளவுநாடா.

மகள் படகை அலை எழுப்பாமல் பக்கத்தில் கொண்டுவந்து வேகத்தைக் குறைத்தாள். ஊசியக்கா எதிர்க்கரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"தம்பி, பீப்பாயைத் தாண்டினா உங்க அண்ணன் என்ன சொல்வாரு?"

"விழச் சொல்வாரு அண்ணி."

"என்னது?"

"விழச் சொல்வாரு! காது தாங்கிப் பீப்பாய்வரைக்கும் ஒருத்தரும் விழமாட்டாங்க இல்ல? அதனால அங்க நிறுத்தி, 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஒரு தடவ நனைஞ்சுட்டுப் போங்க'ம்பாரு. ஒவ்வொருத்தரா பாயை விட்டுட்டுக் குதிப்பாங்க. விழுந்து பாத்தவங்களுக்குத்தான் பயம் போகும், பயம் போனாத்தான் காதைக் கழட்டலாம்னு அண்ணன் கணக்கு. உங்களுக்குத் தெரியாதா? பதினொரு வருஷமா நடக்குதே!"

"எனக்கு யாரு சொன்னா?"

"தெரிஞ்சிருக்கும்னு நெனச்சோம்மா" என்றாள் மகள்.

ஊசியக்காவின் தோள் குலுங்கியது. படகில் இருந்தவர்கள் அழுகிறாளோ என்று பயந்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளரிக்காயைச் சுரைக்காய் ஆக்கிய மனிதர்! ஒவ்வொரு வருடமும் அவள் சொல்லச் சொல்ல, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல், சிரித்துக்கொண்டே பெரிதாக்கிய மனிதர்! கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அவளும் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். இரண்டு பேரும் ஒருவர் மனம் நோகக் கூடாதென்று மற்றவர் வாயை மூடிக்கொண்டதில் நுரைக் கடைக்காரன்தான் பிழைத்தான்.

கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் பாயில்.

"சிரிக்காதீங்க அண்ணி, ஆடுது! இப்ப விழுந்துடாதீங்க. சார் பாக்கறாரு. இப்ப திரும்பணும். நான் சொல்றதைக் கேளுங்க. பாயைப் பின்பக்கமா கொஞ்சம் சாயுங்க... இன்னும் கொஞ்சம்... பலகை தானா மூஞ்சியைத் திருப்பும் பாருங்க."

பலகை மூஞ்சியைத் திருப்பியது.

"இப்ப மரத்தைப் பிடிச்சுக்கிட்டு முன்பக்கமா சுத்தி நடங்க. சின்ன அடி. இன்னும் சின்ன அடி."

"கீழ பாக்காதீங்க!" என்று ஒரு புதுக்குரல் கத்தியது. அதிகாரி. காலணியை மார்போடு அணைத்துக்கொண்டு படகின் விளிம்புக்கு வந்திருந்தார். "நேரா பாருங்கம்மா, நேரா!"

அவள் மரத்தைச் சுற்றி ஐந்து அடி வைத்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு காது அமிழ்ந்து எழுந்தது. மறுபக்கம் வந்து கை மாற்றிப் பாயைப் பிடித்தாள். காற்று மறுபடி தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. எதிர்க்கரைக்காரர் துவைக்கிற துணியை ஆட்டி வழியனுப்பினார்.

பீப்பாயைக் கடந்தபோது அந்தப் பறவை இன்னும் இருந்தது. கொட்டகைச் சுவர் வந்தது. தையலறை ஜன்னல் தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அது இவ்வளவு சின்னது என்று அவளுக்குத் தெரியாது. பலகையின் மூக்கு மணலில் தட்டியது. ஊசியக்கா முட்டியை நிமிர்த்தி, கணுக்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள். கணுக்காலுக்கு மேலே நனைந்தது கண் மட்டும்தான்.

அதிகாரி படகிலிருந்து இறங்கி, மணலில் கோப்பை முட்டிமேல் வைத்து எழுதினார். "விழுந்த எண்ணிக்கை" என்ற கட்டத்தில் ஒரு பூஜ்யம். அதை இரண்டு தடவை சுற்றி அழுத்தமாக வரைந்தார். "விண்ணப்பதாரர் பேர் மாத்தணும். உங்க பேர் போடவா?"

"விண்ணப்பம் போட்டது அவர்தானே. அவர் பேரு கருவியோட பேராவே இருக்கட்டும். பள்ளி என் பேர்ல போடுங்க."

கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தார். பேனா கயிற்றில் தொங்கியது. காலுறையைப் பிழிந்தபடி, "வார நாள்ல வகுப்பு உண்டா?" என்று சாம்பியனிடம் மட்டும் கேட்கிறவர்போல மெல்லக் கேட்டார். "எனக்கில்ல. தெரிஞ்சவர் ஒருத்தருக்கு."

"தெரிஞ்சவர் உயிர்காப்புச் சட்டை சொந்தமா கொண்டுவருவாரா சார்?"

சாம்பியன் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஊசியக்கா பலகையை மறுபடி தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! எங்க போறே? அதான் முடிஞ்சுதே!"

"எனக்கு முடியல" என்று அவள் ஏறி நின்றாள். கயிற்றைக் காலால் இழுத்தாள். போனாள்.

மகளும் சாம்பியனும் படகை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள். அதிகாரி கரையிலேயே நின்று, தன் தாளையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே நடக்கறது எதையும் நான் பாக்கல" என்று யாரிடமோ சொன்னார்.

பீப்பாயைத் தாண்டி நாலு முழத்தில் ஊசியக்கா பாயைக் கையிலிருந்து விட்டாள். அது சொன்னபடி கேட்டுத் தண்ணீரில் படுத்தது. காற்று மட்டும் இருந்தது. அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள், காது இரண்டும் இருபக்கமும் தாங்க, யாரோ ஏதோ சொல்வதற்குக் காத்திருக்கிறவள்போல.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள்.

தண்ணீர் குளிர்ந்தது. உப்பு. பச்சை வெளிச்சம். உயிர்காப்புச் சட்டை அவளைப் பந்துபோல மேலே எறிந்தது. கூந்தல் முகமெல்லாம் ஒட்டிக்கொண்டு, வாய் நிறையத் தண்ணீரோடு வெளியே வந்தாள். துப்பினாள். சிரித்தாள். ஜன்னலைக் கடந்துபோன அத்தனை பேரும் சிரித்த அதே சிரிப்பு.

சாம்பியன் படகிலிருந்து கையை நீட்டினான்.

"கை குடுக்காதே. நானே ஏறிக்கறேன்" என்று காதுக் குழாயைப் பிடித்து, இரண்டு தடவை வழுக்கி, மூன்றாம் தடவை பலகையில் தொப்பென்று கவிழ்ந்தாள். மூச்சு வாங்கியது. "தம்பி, பாடத்துல அடுத்தது என்ன?"

"அடுத்தது காதைக் கழட்டறது அண்ணி."

அவள் பலகைமேல் குப்புறப் படுத்தபடியே கொஞ்சம் யோசித்தாள்.

"அது நாளைக்கு. ஏழு மணிக்கு."